நாள் வாடகைக்கு வீடு விடுகிறீர்களா? முதலில் கேன்சல் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாடி போர்ஷன் சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்று மதுரையில் இப்போது பலர் இறங்கியிருக்கிறார்கள். கட்டில், மெத்தை, ஏசி, கெய்சர் எல்லாம் போட்டு, போட்டோ எடுத்து ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் மாதிரி ரூம் புக் செய்யும் ஆப்பில் ஏற்றி, முதல் புக்கிங் வந்ததும் வீடே குதூகலிக்கிறது. அடுத்த வாரமே ஒரு மெசேஜ் வரும்: ‘சாரி சார், பிளான் மாறிடுச்சு, கேன்சல் பண்றோம்.’ புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் பாவம் பார்த்து முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு, அப்புறம் நாலு நாள் புலம்புகிறார்கள். இன்னும் சிலர் கெஸ்ட் கேட்டார் என்று தாங்களே கேன்சல் பட்டனை அழுத்தி, தேவையில்லாத அபராதத்தைத் தலையில் கட்டிக்கொள்கிறார்கள்.

கேன்சல் என்பது இந்தத் தொழிலோடு கூடவே வருகிற செலவு. கரண்ட் பில் மாதிரி அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாம் விற்பது இரவுகளை. சனிக்கிழமை இரவு காலியாகப் போனால் அதை எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை விற்க முடியாது. ஆகவே ஒரு கேன்சல் நம்மை எவ்வளவு பாதிக்கும் என்பதை ஒரே கேள்வி தீர்மானித்துவிடுகிறது: அந்த இரவை இன்னொருவருக்குக் கொடுக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கே.கே. நகரில் இரண்டு பெட்ரூம் வீடு, ஒரு இரவுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் வந்து தங்கினால் சலவைக்கு 150, சுத்தம் செய்ய வரும் அக்காவுக்கு 250, ஏசி ஓடும் கரண்டுக்கு 100 ரூபாய் ஆகும். ஆக, கையில் நிற்பது 2,000. சாயங்காலம் ஆறு மணிக்கு ‘இன்றைக்கு வரவில்லை’ என்று சொன்னால் நீங்கள் இழப்பது இந்த 2,000-ஐத்தான், 2,500-ஐ அல்ல. இருபது நாள் முன்னால் சொல்லி, அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டால் இழப்பு பூஜ்யம். ஒரே வீடு, ஒரே வாடகை, ஒரே கேன்சல்தான். சொன்ன நாள் மட்டும்தான் வேறு. கேன்சலேஷன் பாலிசி என்று ஆப்களில் இருப்பதெல்லாம் இந்த நாள் கணக்கை விதியாக எழுதி வைத்திருப்பதுதான்.

பாலிசி என்பது ஒரு கெடு

பாலிசியைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். எந்த நாள் வரை கேன்சல் செய்தால் முழுப் பணம் திரும்பும்? அந்தக் கெடுவுக்குப் பிறகு எவ்வளவு பிடிக்கப்படும்? ஏர்பிஎன்பியில் இருப்பதிலேயே தாராளமான பாலிசியில், செக்-இன் நேரத்துக்கு ஒரு நாள் முன்பு வரை கெஸ்ட் முழுப் பணத்துடன் விலகிக்கொள்ளலாம். அடுத்த படியில் ஐந்து நாள். இன்னும் கறாரான ஒன்றில் 30 நாள் முன்பு வரை முழுப் பணம், 30-லிருந்து 7 நாள் வரை பாதி, அதற்குள் வந்துவிட்டால் பைசா கிடையாது. இவற்றின் பெயர்களையும் நாட்களையும் நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவார்கள். உங்கள் லிஸ்டிங்கில், அதாவது ஆப்பில் உங்கள் வீட்டுக்கான பக்கத்தில், இன்றைக்கு எது தேர்வாகியிருக்கிறது என்று போனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் இதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததே இல்லை.

பாலிசி எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, பணம் யார் கையில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஏர்பிஎன்பியில் கெஸ்ட் கட்டும் பணத்தை நிறுவனமே வைத்திருந்து, செக்-இன் முடிந்து சுமார் 24 மணி நேரம் கழித்து உங்களுக்கு அனுப்பும். அதனால் பாலிசிப்படி உங்களுக்கு வர வேண்டிய பங்கை யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம், தானாக வந்துவிடும். புக்கிங்.காம் போன்ற இடங்களில் ‘வந்து கட்டிக்கொள்கிறேன்’ என்ற வகை புக்கிங் நிறைய வரும். அங்கே நீங்கள் எவ்வளவு கறாரான விதி போட்டிருந்தாலும், வராத ஆளிடம் போய் எதை வசூலிப்பது? அந்த வகை புக்கிங்கை உறுதி என்று நினைக்காமல், ‘வருவதாகச் சொல்லியிருக்கிறார்’ என்ற அளவில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்பு போன் போட்டுக் கேட்டுவிடுவதுதான் உத்தமம். ஆள் வராமலே போய், அதற்கான கட்டணத்தை அவரிடம் கேட்காமல் நீங்கள் விட்டுக்கொடுப்பதாக இருந்தால், ‘நோ-ஷோ’ (ஆள் வரவில்லை) என்று எக்ஸ்ட்ராநெட்டில், அதாவது புக்கிங்.காமில் வீட்டுக்காரர்களுக்கான பக்கத்தில், மறக்காமல் குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் அவர் தங்கிவிட்டுப் போனதாகக் கணக்காகி, வராத ஆளுக்கும் கமிஷன் கட்டுவீர்கள்.

மூன்றாவது, தெரிந்தவர் மூலம் நேராக வாட்ஸாப்பில் வரும் புக்கிங். இதில் கமிஷன் இல்லை, விதியும் இல்லை. விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மதுரைக்கு எதற்காக வருகிறார்கள்?

எந்தப் பாலிசி நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கோவாவில் கடற்கரைக்கு வருபவர் கேன்சல் செய்யும் காரணம் வேறு, மதுரைக்கு வருபவரின் காரணம் வேறு. இங்கே ஒவ்வொரு வகை கெஸ்டுக்கும் கேன்சல் செய்யும் விதத்திலேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதலில் ரயிலில் வருபவர்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாளாகிவிட்டது. டிக்கெட் போட்ட கையோடு ரூமும் போடுவது குடும்பஸ்தர்கள் வழக்கம். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தாலும் ரூமைப் போட்டு வைத்துவிடுவார்கள், கேன்சல் செய்தால் காசு போகாது என்ற தைரியம். வெள்ளி இரவு ரயிலுக்குச் சார்ட், அதாவது யாருக்கு இடம் உறுதி என்ற கடைசிப் பட்டியல், போடுவது அன்றைக்குத்தான். உங்கள் செக்-இன் சனிக்கிழமை பகல் 1 மணி, ஒரு நாள் கெடு வெள்ளி பகல் 1 மணி. ஆக, சார்ட் வரும் நேரமும் உங்கள் கெடுவும் கிட்டத்தட்ட ஒரே வேளையில் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை மத்தியானக் கேன்சல்கள் ஏன் வருகின்றன என்று இப்போது புரிகிறதா? இதற்கு மருந்து ஒரே கேள்விதான். புக்கிங் வந்ததும், ‘எதில் வர்றீங்க, டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிருச்சா?’ என்று நட்பாகக் கேளுங்கள். ஆகவில்லை என்றால் புதன்கிழமை இன்னொரு முறை கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரயிலிலேயே இன்னொரு சிக்கல், கேன்சல் போல வரும், உண்மையில் தேதிக் குழப்பம். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மதுரைக்கு வந்துவிடும். கெஸ்ட் குழந்தை குட்டியோடு ஆறு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பார். அவர் புக் செய்தது சனிக்கிழமை. உங்கள் செக்-இன் பகல் 1 மணி. முந்தைய இரவுக்கார கெஸ்ட் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்களில் ‘24 மணி நேர செக்-அவுட்’ என்று போர்டு பார்த்துப் பழகியவருக்கு, 1 மணி வரை காத்திருங்கள் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? ‘அப்ப கேன்சல் பண்ணிடுங்க, லாட்ஜுக்குப் போறோம்’ என்பார். நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஆனால் வருத்தமும் மோசமான ரிவ்யூவும் உங்களுக்குத்தான். காலையில் வருகிறேன் என்பவரிடம், ‘வெள்ளி இரவையும் சேர்த்துப் போடுங்கள், அல்லது பெட்டியை வைத்துவிட்டுக் குளித்துக் கோயிலுக்குப் போய்வர ஏற்பாடு செய்து தருகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தக் கேன்சல் பிறக்கவே பிறக்காது. கீழே ஒரு பாத்ரூமும் ஒரு பெஞ்சும் இருந்தால் போதும்.

வடக்கேயிருந்து வரும் யாத்திரைக் குடும்பங்கள் வேறு ரகம். ராமேஸ்வரம், மதுரை, கன்னியாகுமரி என்று ஒரு சுற்று. மதுரையில் ஒரே இரவு. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடித் தரிசனம் முடிய நேரமாகிவிட்டால் மதுரை இரவை அப்படியே விட்டுவிடுவார்கள். சில சமயம் வண்டி டிரைவரே தனக்குப் பழக்கமான லாட்ஜில் இறக்கிவிடுவார். இவர்கள் கேன்சல்கூடச் செய்வதில்லை, வருவதில்லை, அவ்வளவுதான். போனை எடுக்கவும் மாட்டார்கள். இவர்களிடம் முன்பணம் இல்லாத புக்கிங்கை ஏற்காமல் இருப்பதே நல்லது. முன்பணம் கட்டிவிட்டால் டிரைவர் என்ன சொன்னாலும் வண்டி உங்கள் தெருவுக்குத்தான் வரும்.

ஹைகோர்ட் மதுரைக் கிளை 2004-ல் வந்த பிறகு, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து கேஸ் விஷயமாக வருபவர்கள் ஒரு தனிக் கூட்டம். ஒத்தக்கடை, மாட்டுத்தாவணிப் பக்கம் வீடு விடுபவர்களுக்கு இவர்கள் நன்றாகத் தெரியும். மறுநாள் பட்டியலில் கேஸ் வருகிறதா என்பது முந்தைய நாள் சாயங்காலம்தான் உறுதியாகும். ‘சார், நாளைக்கு லிஸ்ட்ல வரலை, அடுத்த வாரம்தான்’ என்று போன் வந்தால் கோபப்பட என்ன இருக்கிறது, அவரே நொந்துபோயிருப்பார். இவர்களுக்குக் கேன்சல் என்றே ஒன்று வேண்டாம். ‘சரிங்க, அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும், வாய்தா தேதி தெரிஞ்சதும் சொல்லுங்க’ என்றால் போதும். கேஸ் ஒரு நாளில் முடிவதில்லை. இவர் மாசாமாசம் வருவார்.

ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கும் இதே வழிதான். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் அண்ணா நகர்ப் பக்கம், கண் ஆபரேஷனுக்கு வரும் வயதானவர்களும் துணைக்கு வரும் பிள்ளைகளும் வீடு தேடுவார்கள். சுகர் கூடியிருந்தால், பிரஷர் அடங்காவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அது யார் கையிலும் இல்லை. ஒரு இரவு வாடகைக்காக இவர்களிடம் பாலிசி பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொழில் கணக்கிலும் அது லாபமில்லை, ஏனென்றால் ஒரு நாளுக்கு வந்தவர் செக்-அப்புக்காக இரண்டு நாள் நீட்டிப்பதும் இதே கூட்டத்தில்தான் நடக்கிறது.

முகூர்த்த நாள் கெஸ்டுகள் பெரும்பாலும் கேன்சல் செய்ய மாட்டார்கள். கல்யாணம் நிற்பதில்லை, வரும் உறவினர் தலைதான் குறையும். மூன்று ரூம் கேட்டவர் இரண்டு போதும் என்பார். பெரிய முகூர்த்தம் என்றால் அந்த மூன்றாவது ரூமுக்கு முந்தைய நாள்கூட ஆள் கிடைக்கும். பக்கத்து மண்டப மேனேஜர் நம்பர் உங்கள் போனில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த வருமானமும் கிடையாது. அந்த மாதங்களில் பாலிசியைத் தளர்த்தி வைப்பது புத்திசாலித்தனம். காலியாகக் கிடக்கிற வீட்டுக்குக் கறாரான விதி எதற்கு?

சித்திரைத் திருவிழா வேறு உலகம்

வருஷத்தில் மற்ற நாட்களுக்கு எழுதிய விதி எதுவும் சித்திரைக்குப் பொருந்தாது. மீனாட்சி கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று அந்த நாலைந்து நாளுக்கு ஊரில் எந்த ரூமும் மிஞ்சாது. அதனால் ஒரே ஆள் மூன்று வீட்டைப் போட்டு வைத்து, கடைசியில் கோயிலுக்குக் கிட்டத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடுவது சாதாரணம். இதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இலவசமாகக் கேன்சல் செய்யலாம் என்று நாம்தானே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். இந்த நாட்களுக்கு மட்டும் கறாரான பாலிசிக்கு மாறிக்கொள்ளுங்கள். புக்கிங் வந்த பிறகு பாலிசியை மாற்றினால் பழைய புக்கிங்குக்குப் பழைய விதிதான் என்பதால், தேதிகளைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வரும். 2024-ல் அது ஏப்ரல் 23. 2025-ல் மே 12. கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. வெளியூர்க்காரர், வெளிநாட்டிலிருந்து வருபவர் போன வருஷத் தேதியை வைத்துக் குத்துமதிப்பாகப் புக் செய்துவிட்டு, திருவிழாப் பத்திரிகையைப் பார்த்ததும் கேன்சல் செய்வார். அதனால் லிஸ்டிங்கில் ‘இந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்குவது இன்ன தேதி’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பஞ்சாங்கத்தைப் புரட்ட ஒரு நிமிஷம் ஆகுமா? அதே மாதிரி தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் வீடு என்றால், அந்த இரவில் வண்டி உள்ளே வராது, இத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வாசல் வரை கார் வரும் என்று நம்பி, வயதான அம்மாவைக் கூட்டிவந்தவர் பேரிகேடைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், பாலிசி உங்கள் பக்கம் இருந்தாலும் நியாயம் அவர் பக்கம்தான்.

பொங்கலுக்கும் இதே கதைதான், சின்ன அளவில். தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்து பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டு பார்க்க வருபவர் மூன்று இரவும் ஒரே வீட்டில் தங்குவதற்குத் தோதாக, குறைந்தது மூன்று இரவு என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஒற்றை இரவு அனாதையாக நிற்காது.

கேன்சல் பட்டனை நீங்கள் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். போன் இப்படித்தான் வரும்: ‘அண்ணே, நீங்களே உங்க பக்கத்துல கேன்சல் போட்டுருங்க. அப்பத்தான் எனக்கு முழுக் காசும் வரும்.’ அவர் சொல்வது உண்மை. நீங்கள் கேன்சல் செய்தால் அவருக்கு முழுப் பணமும் போகும். ஆனால் ஆப்பின் கணக்கில், வந்த கெஸ்டைக் கைவிட்ட வீட்டுக்காரர் நீங்கள். ஏர்பிஎன்பியில் தகுந்த காரணமில்லாமல் ஹோஸ்ட் கேன்சல் செய்தால், செக்-இன்னுக்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 25, கடைசி 48 மணி நேரத்தில் என்றால் 50 சதவீதம் வரை அபராதம். அந்தத் தேதிகளையும் வேறு யாருக்கும் விட முடியாதபடி காலண்டரில் பூட்டி வைப்பார்கள். இரண்டு பக்கமும் அடி.

அதோடு போவதில்லை. நல்ல வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் சூப்பர்ஹோஸ்ட் என்ற தகுதிக்குக் கேன்சல் விகிதம் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வருஷத்துக்கு அறுபது, எழுபது புக்கிங் வருகிற சின்ன வீட்டுக்கு ஒரு சதவீதம் என்றால் என்ன? ஒரே ஒரு கேன்சல் செய்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். 

அதனால் பதில் இப்படி இருக்கட்டும்: ‘தம்பி, நீங்க உங்க ஆப்பிலிருந்தே போடுங்க. பாலிசிப்படி வர்றது வரட்டும். மிச்சத்துக்கு அந்தத் தேதியில வேற ஆள் வந்தா நானே அனுப்பிவிடுறேன்.’ கெஸ்டுக்குப் பணம் அனுப்பும் வசதி ஆப்பிலேயே இருக்கிறது. அவர் கேன்சல் செய்த நிமிஷமே தேதி திறந்துகொள்ளும், உங்கள் பெயருக்கும் கறை வராது.

வேறு ஆள் வந்தால் முதல் கெஸ்டுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாலிசிப்படி பிடித்த பணம் உங்களுடையது. ஒரே இரவுக்கு இரண்டு வாடகை வாங்கினால் தப்பா என்று கேட்டால், சட்டப்படி இல்லை. என் வழக்கம் என்னவோ திருப்பித் தந்துவிடுவதுதான். ஊர் ஊராகச் சுற்றும் குடும்பம் அடுத்த முறை மதுரை என்றதும் உங்கள் நம்பரைத் தேடும். அந்த 2,000 ரூபாய்க்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது. ஆனால் வேறு ஆள் வராவிட்டால் திருப்பித் தர மாட்டேன். அங்கே உண்மையிலேயே என் இரவு போய்விட்டது.

மழை வெள்ளம் மாதிரிச் சமயங்களில் இந்த விதியெல்லாம் மாறும். வீடு இருக்கும் இடத்தில் பெரிய இயற்கைச் சீற்றம், அரசுத் தடை என்று வந்தால், உங்கள் பாலிசி என்னவாக இருந்தாலும் ஏர்பிஎன்பி முழுப் பணத்தையும் கெஸ்டுக்குத் திருப்பிவிடும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடியில் வெள்ளம் வந்து ரயில்கள் நின்றபோது மதுரைக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. ஆனால் கன்னியாகுமரி போக முடியாதவர் மதுரையில் தங்கி என்ன செய்வார்? அந்த மாதிரி நேரத்தில் தேதியை மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை.

வாட்ஸாப் புக்கிங்குக்கு எழுத வேண்டிய நாலு வரி

நேரடிப் புக்கிங்கில் சண்டை வருவது பணத்தால் இல்லை, முன்னாலேயே பேசிக்கொள்ளாததால். ‘நீங்க சொல்லவே இல்லையே’ என்ற ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லவே முடியாது. அட்வான்ஸ் வந்ததும் இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்:

‘வணக்கம் சார். அட்வான்ஸ் 1,000 ரூபாய் வந்துவிட்டது, புக்கிங் உறுதி. செக்-இன் சனி பகல் 1 மணி, செக்-அவுட் ஞாயிறு காலை 11 மணி. செக்-இன்னுக்கு 7 நாள் முன்பு வரை கேன்சல் செய்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு பணமாகத் திரும்பாது, ஆனால் 3 மாதத்துக்குள் ஒரு முறை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழா, பொங்கல் நாட்களுக்கு மட்டும் மாற்றம் இல்லை. சம்மதம் என்றால் ஓகே என்று பதில் போடுங்கள் சார்.’

இதில் உயிர்நாடி அந்தக் கடைசி ‘ஓகே’. அது வந்த பிறகுதான் காலண்டரில் தேதியை மூடுங்கள். ஏழு நாள், ஆயிரம் ரூபாய் என்பதெல்லாம் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாறலாம். கேன்சல் ஆன இரவு திரும்ப நிரம்ப உங்கள் வீட்டுக்கு வழக்கமாக எத்தனை நாள் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் கெடுவாக இருக்க வேண்டும். கோயிலைச் சுற்றி, சிம்மக்கல், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இருக்கும் வீடு இரண்டே நாளில் நிரம்பும். திருமங்கலத்தில், நாகமலைப் புதுக்கோட்டையில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு வாரம் ஆகலாம். இரண்டுக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

அட்வான்ஸை ரொம்பக் கூட்டவும் வேண்டாம். முழுப் பணமும் முன்னால் கேட்டால் புது வீட்டை நம்பிப் போட மாட்டார்கள். நூறு, இருநூறு வாங்கினால் அதை விட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு வலிக்காது. ஒரு இரவு வாடகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கட்டும்.

இதிலேயே ஒரு மோசடியையும் சொல்லியாக வேண்டும், புதியவர்களைத்தான் குறி வைக்கிறார்கள். மிலிட்டரி ஆபீசர் என்பார், கம்பெனி மேனேஜர் என்பார். ஐந்து நாளுக்கு வீடு வேண்டும், விலை பேரம்கூடக் கிடையாது. 2,000 அட்வான்ஸுக்குப் பதில் 20,000 அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வரும். உங்கள் பேங்க் எஸ்எம்எஸ் மாதிரியே ஒரு மெசேஜும் வரும். கொஞ்ச நேரத்தில், ‘சார், ஒரு சைபர் கூடப் போயிருச்சு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க’ அல்லது ‘டிரிப் கேன்சல், ரீஃபண்ட் போடுங்க, அவசரம்’ என்பார். க்யூஆர் கோடு அனுப்பி, பின் நம்பரைப் போட்டால் உங்களுக்குப் பணம் ஏறும் என்றும் சொல்வார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம், அது பணம் போவதற்கு மட்டும்தான். ரீஃபண்ட் அனுப்புவதற்கு முன்னால் பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸில் பணம் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள், ‘மச்சான் நம்பருக்குப் போடுங்க’ என்பதெல்லாம் வேண்டாம். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு பணத்தைப் பிடிக்க.

கேன்சல் ஆன பிறகு

மெசேஜ் வந்த அரை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது, எல்லா ஆப்பிலும் அந்தத் தேதி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, மூன்று ஆப்களை ஒரே காலண்டரில் இணைத்திருந்தால் ஒன்றில் திறந்தது மற்றதில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். சனிக்கிழமை காலையில் அந்தச் சில மணி நேரம் பெரிய விஷயம். கையாலேயே திறந்துவிடுங்கள். அப்புறம் சுத்தம் செய்ய வரும் அக்காவுக்குச் சொல்லுங்கள், அவர் வந்து நின்ற பிறகு சொன்னால் பஸ் காசும் கூலியில் பாதியும் கொடுப்பதுதான் முறை.

நாள் நெருங்கிவிட்டால் விலையைக் குறைக்கலாமா? குறைக்கலாம், ஆனால் அன்றைய செலவுக்குக் கீழே போகாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் 500 ரூபாய் செலவு. 1,500-க்குக் கொடுத்தாலும் ஆயிரம் மிஞ்சும். ஆயிரத்துக்கும் கீழே போனால் வாடகை குறைவு என்பதற்காகவே வருகிற கூட்டம் வரும், மறுநாள் சுவரில் கறையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குக் காலியாகவே கிடக்கட்டும். தெருவில் இன்னும் இரண்டு பேர் வீடு விடுகிறார்கள் என்றால் அவர்களோடு சேர்ந்து ஒரு வாட்ஸாப் குரூப் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இடமில்லாத நாளில் இன்னொருவருக்குக் கேன்சல் ஆகியிருக்கும். கடைசி நேரக் கேன்சலை நிரப்ப ஆப்பைவிட இது வேகமானது.

நீங்களே கேன்சல் செய்தாக வேண்டிய நிலையும் வரும். மோட்டார் எரிந்துவிட்டது, மேல் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார். அப்போதும் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் கெஸ்டுக்குப் போன் போட்டு, போட்டோவோடு விஷயத்தைச் சொல்லி, அந்தக் குரூப்பில் அதே விலைக்கு ஒரு வீட்டைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, பிறகு ஆப்பின் ஹெல்ப் சென்டருக்குச் சொல்லுங்கள். வீடு தங்க முடியாத நிலையில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தால் அபராதம் விலக வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். கேன்சல் வந்த தேதி, செக்-இன்னுக்கு எத்தனை நாள் இருந்தது, சொன்ன காரணம், அந்த இரவு திரும்ப நிரம்பியதா, எவ்வளவுக்கு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது கட்டத்தையும் நான்காவது கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை நாளுக்குள் சொன்ன கேன்சல்கள் நிரம்பாமல் போயின என்று தெரியும். அந்த எண்ணைத்தான் பாலிசியில் போட வேண்டும்.